மணிக்கட்டும் மஞ்சள் மீனும்

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வந்து போகும். மற்றபடி அந்தச் சோதனைக்கூடத்தில் வாசல் காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் மணிக்கட்டு சார்.

ரப்பரிலும் சிலிக்கானிலும் செய்கிற சாமான்கள் கடைக்குப் போகும் முன் அங்கே வந்து பரீட்சை எழுதிவிட்டுப் போகும். வெந்நீர்ப் பை, கையுறை, குக்கர் வளையம், பால் புட்டியின் நிப்பிள் என்று நீட்டுகிறதும் வளைகிறதுமான எல்லாம் வரும். மெஷின்கள் இழுத்துப் பார்க்கும், கிழித்துப் பார்க்கும், சூட்டுப்பெட்டியில் வேகவைத்துப் பார்க்கும். கடைசியில் சாமான் அவரிடம் வரும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, சாமானை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு "சரி" என்பார், அல்லது "சரியில்லை" என்பார். மெஷின் சொன்னதையேதான் பெரும்பாலும் மணிக்கட்டும் சொல்லும். புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடாது. ஆனாலும் அது தலையாட்டாமல் ஒரு சாமானும் வெளியே போனதில்லை. அது சட்டம் இல்லை, பழக்கம். பழக்கத்தை மாற்றுவதற்குச் சட்டத்தை மாற்றுவதைவிட அதிகத் தைரியம் வேண்டும் என்பதால் யாரும் அதில் கை வைக்கவில்லை.

தோலுக்குப் படுகிற சாமானில் அவர் பொய் சொல்லமாட்டார். மேலாளர் கெஞ்சினாலும் சரி, கம்பெனிக்காரர்கள் வாசலில் வந்து நின்றாலும் சரி, சரியில்லாததை அவர் வாய் சரி என்று சொல்லாது. இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒரே ஒரு பொய்யைத் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் இந்தக் கதை.

மகள் கேட்பாள், "எப்படி இருக்கீங்கப்பா?"

"எனக்கென்னம்மா குறைச்சல்? ராஜா மாதிரி இருக்கேன்."

ராஜாவின் அரண்மனை மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. மனைவி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் இருந்தபோது போதாமல் இருந்த இடம் இப்போது நடக்க நடக்க நீண்டுகொண்டே போயிற்று. ரொட்டி வாங்கினால் பாதிக்கு மேல் காய்ந்துபோகும். பால் பொங்கி வழிந்தால் திட்டுவதற்கு ஆள் இல்லாததால் அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். வேலை விட்டு வந்ததும் முதல் காரியமாக மின்விசிறியைப் போடுவார். குளிரடிக்கிற நாளிலும் போடுவார். காற்றுக்காக இல்லை, அதன் கடகட சத்தத்துக்காக. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கதவைத் தட்டி, "உங்க ஃபேனுக்கு எண்ணெய் போடக்கூடாதா சார்?" என்று கேட்டாள். அவர் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போடாமலே இருந்துவிட்டார்.

மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன், கைக்குழந்தை, இரண்டு படுக்கையறை வீடு. பிரசவ விடுப்பு முடியப் போகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக அவள் கேட்டாள், "அப்பா, இங்கயே வந்து எங்க கூட இருக்கீங்களா? ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. நான் வேலைக்குப் போனா பாப்பாவையும் பார்த்துப்பீங்க."

இந்த இடத்தில்தான் மனிதர் கோட்டை விட்டார். அந்த நிமிஷமே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் சரி என்றால் இதற்காகவே அலைந்துகொண்டிருந்தது போல் ஆகிவிடாதா? அவர் வளர்ந்த வீட்டில் விருந்தாளி முதல் தடவை "போதும், போதும்" என்பார். வீட்டுக்காரர் "அட, சும்மா சாப்பிடுங்க" என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் தட்டு நீளும். அதனால் அவர், "எனக்கென்னம்மா குறைச்சல், இங்க ராஜா மாதிரி இருக்கேனே" என்று சொல்லிவிட்டு, காதில் போனை அழுத்திக்கொண்டு இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தார்.

"சரிப்பா, உங்க இஷ்டம்" என்றாள் மகள்.

அவள் ஒரு தடவை கேட்டால் ஒரு தடவை பதில் வாங்கிப் பழகியவள். நோயாளியிடம் வலிக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் அடுத்த கட்டிலுக்குப் போகிறவள்.

அதற்கப்புறமும் அவர் நம்பிக்கையை விடவில்லை. போனில் கேட்காவிட்டால் நேரில் கேட்பாள் என்று இருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தயாராகவே இருந்தார். பால் புட்டிகள் வாங்கினார். சந்தையில் இருக்கிற நிப்பிள்களில் எது நல்லது என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? மேலாளரிடம், கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு எடுத்துக்கொண்டால் என்ன நடைமுறை என்று, வேறு யாருக்காகவோ கேட்பது போல் விசாரித்து வைத்தார். இனி மகள் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் மீன் வந்தது.

மேலாளர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். பெட்டிக்குள்ளிருந்து கையகலத்துக்கு ஒரு மஞ்சள் சிலிக்கான் மீன் எட்டிப் பார்த்தது. குண்டு உடம்பு, ஆவென்று திறந்த வாய், மேல்நோக்கி வளைந்த கண்ணிமைகள்.

கிழிப்பு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு அங்கே கிழிப்பு அக்கா என்று பெயர். அவள் மீனை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "குளிக்கிற தொட்டியில விடுற பொம்மையா சார்?"

"இல்லம்மா. இது பெரியவங்க சாமான்."

"பெரியவங்களுக்கு எதுக்கு சார் மீன் பொம்மை?"

"ஆம்பளைங்க… தனியா இருக்கறவங்க… கூட யாரும் இல்லாதப்போ…" மேலாளரின் காது சிவந்துகொண்டே வந்தது. "வாய் திறந்திருக்கு பாருங்க. அது உள்ளே வரைக்கும் போகுது. உறை மாதிரி. வேடிக்கையா இருக்கணும்னு மீன் உருவத்தில செஞ்சிருக்காங்க."

கிழிப்பு அக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் மீனை மேஜையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு கண்ணிமை? கண்ணடிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் வழக்கம்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

சோதனை என்று வந்துவிட்டால் அவருக்கு மீனும் ஒன்றுதான், குக்கர் வளையமும் ஒன்றுதான். முகர்ந்து பார்த்தார், மட்டமான சிலிக்கானின் காரநெடி இல்லை. வாயோரத்தை விரலால் சுற்றித் தடவினார், அச்சு சேர்ந்த இடத்தில் பிசிறு இல்லை. உப்புநீரில் ஊறப்போட்டதில் மஞ்சள் சாயம் இறங்கவில்லை. கிழிப்பு மெஷினில் இன்னொரு மீன் தாக்குப்பிடித்து நின்றது. உள்பக்கம் மேடும் பள்ளமுமாக வரிவரியாய் இருந்தது. கழுவினால் அங்கே தண்ணீர் தங்கும், தங்கினால் பூஞ்சை பிடிக்கும், அதைக் கவனிக்க வேண்டும் என்றார். இதை வாங்கப் போகிறவனைப் பற்றி அவர் மட்டமாக நினைக்கவில்லை. நிப்பிளுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருப்பது போல இதற்குப் பின்னாலும் ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்குத் தோல் எரியக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

சிக்கல் பெட்டியின் மேல் இருந்தது. கொட்டை எழுத்தில் "அசல் துணையின் வெதுவெதுப்பு!" என்று போட்டிருந்தார்கள். மீனை வெந்நீரில் போட்டு எடுத்தால் அந்த வெதுவெதுப்பு வருமாம். அது உண்மைதான் என்று சோதனைக்கூடம் சொல்ல வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது.

"ஒப்பு மாதிரி எங்க சார்?" என்றார் அவர்.

ஒப்பு மாதிரி இல்லாமல் அங்கே எந்தச் சோதனையும் நடக்காது. புது வெந்நீர்ப் பை வந்தால் பக்கத்தில் நல்லதென்று தெரிந்த பழைய பை ஒன்று இருக்கும். இது அதைப்போல இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதற்கென்றே ஒரு அலமாரி நிறைய ஒப்பு மாதிரிகள் இருந்தன.

"எதுக்கு ஒப்பு மாதிரி?"

"துணைக்கு சார். அசல் துணைன்னு போட்டிருக்கே. எதோட ஒத்துப் பார்க்கறது?"

மேலாளர் அவர் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார். அவர் கிண்டல் செய்யவில்லை.

அடுத்தது வீட்டுச் சோதனை. சூடாக்குவது, கொதிக்கவைத்துக் கழுவுவது, உலர்த்துவது எல்லாம் சாமானோடு வரும் தாளில் இருக்கிறபடி ஒரு சாதாரண சமையலறையில் செய்து பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வெந்நீர்ப் பை என்றால் போட்டி போடுவார்கள். மீன் என்றதும் ஆளாளுக்குக் கழன்றுகொண்டார்கள். ஒருத்தருக்கு மாமியார் வந்திருந்தாள், ஒருத்தருக்கு வயசுப் பெண் இருந்தாள். கடைசியில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கென்ன சார், தனி ஆள்," என்றார் மேலாளர். "இது என்னன்னு கேக்கக்கூட வீட்டில யாரும் இல்லை."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மீனைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அந்த வார்த்தை அவர் கூடவே நடந்து வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மீனை வெந்நீரில் போட்டு எடுத்து, துடைத்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மணிக்கட்டில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

அதை அதன் வேலைக்கே பயன்படுத்திப் பார்த்தாரா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். இல்லை. அந்த யோசனை வராமல் இல்லை, அவரும் ஆண்தானே. வந்தது. அப்போது கண்ணைத் திறந்து மீனைப் பார்த்தார். அது கண்ணிமையைத் தூக்கிக்கொண்டு ஆவென்று அவரைப் பார்த்தது. பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது. பிறகு அந்த யோசனை வரவில்லை.

மீன் நன்றாகத்தான் வெதுவெதுப்பாக இருந்தது. அசல் துணை எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார். அங்கேதான் கணக்கு இடித்தது. அவர் மனைவியின் கை ஒருநாளும் வெதுவெதுப்பாக இருந்ததில்லை. எப்போதும் ஜில்லென்று இருக்கும். பாத்திரம் கழுவிவிட்டு வந்து, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து இரண்டு ஈரக் கையையும் கழுத்தில் வைப்பாள். அவர் அலறுவார். "கத்தாதீங்க, கொஞ்சம் சூடு கொடுங்க, குறைஞ்சா போயிடுவீங்க?" என்பாள். கை சூடாகும் வரை எடுக்கமாட்டாள். அவரும் திட்டிக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

அவள் போன பிறகு அவரிடம் சூடு கேட்டவர் யாரும் இல்லை. அது அந்த மேஜையில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. மீன் ஆறிப்போய் வெகுநேரம் ஆன பிறகும் அதை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் விசிறியைப் போட்டார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, நாளைக்கு காலையில பாப்பாவைத் தூக்கிட்டு வரேன். உங்ககிட்ட ஒரு விஷயம் நேர்ல சொல்லணும்."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்துவிட்டது இரண்டாம் தடவை! வீட்டைப் பெருக்கினார். மனைவியின் தலையணைக்கு உறை மாற்றினார். கண்ணாடி முன் நின்று, இந்தத் தடவை எப்படிச் சரி சொல்வது என்று பார்த்துக்கொண்டார். உடனே சொல்லிவிடக் கூடாது, கொஞ்சம் யோசிப்பது போல் தாடையைத் தடவிவிட்டு, "சரி, நீ இவ்வளவு சொல்றதால வரேன்" என்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் நிப்பிள்களைக் கொதிக்கவைக்க அடுப்பில் பாத்திரம் வைத்தார். அடுத்ததாக மீனையும் கொதிக்கவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இருப்பது ஒரே பெரிய பாத்திரம். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள். அவர் நிற்கவில்லை. இரண்டும் ஒரே தர சிலிக்கான், இரண்டும் யாரும் பயன்படுத்தாத புதுச் சரக்கு, இரண்டுக்கும் ஒரே கொதிநிலை. முப்பது வருஷம் மணிக்கட்டால் உலகத்தைப் பார்த்த மனிதருக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மீனையும் தூக்கி உள்ளே போட்டுவிட்டு முகம் மழிக்கப் போனார்.

கதவு தட்டிய சத்தம் கேட்டு, பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்து திறந்தார். மகள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "கனமாயிட்டாப்பா, பார்த்துத் தூக்குங்க." குழந்தை அவர் தாடையின் சோப்பைப் பிடிக்கப் பார்த்தது. அவர் ஏதேதோ உளறிக் கொஞ்சினார்.

மகள் நேராகச் சமையலறைக்குப் போனாள். பெண்பிள்ளைகள் அப்பா வீட்டுக்கு வந்தால் முதலில் அடுப்பைத்தான் பார்ப்பார்கள். "நிப்பிளெல்லாம் வாங்கி வெச்சிருக்கீங்களாப்பா!" என்று அவள் குரல் இளகி வந்தது. பிறகு, "அட, மீன்! பாப்பாவுக்கு பொம்மைகூட வாங்கினீங்களா?"

அவருக்கு அப்போதுதான் பாத்திரத்தில் போட்ட மீன் ஞாபகம் வந்தது. சமையலறை வாசலுக்குப் போனார். மகள் மீனை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்து, சூடாற ஊதிக்கொண்டிருந்தாள்.

"குளிக்க வைக்கும்போது வெச்சுக்கலாம். என் பையில போட்டுக்கறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகள் சந்தோஷப்பட்டிருப்பாள், மீன் பைக்குள் போயிருக்கும், தொலைந்துபோயிற்று என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளலாம். பொய் வாசல்வரை வந்து நின்றது. ஆனால் அந்த மீன் குழந்தைக்காகச் செய்தது இல்லை. அது அந்த வீட்டுக்குப் போகக் கூடாது.

"அது பாப்பாவுக்கு இல்லம்மா. பையில வைக்காதே."

"பின்ன யாருக்கு?"

"அது… பெரியவங்க சாமான். ஆம்பளைங்களுக்கு." மேலாளரின் காது சிவந்தது போல இப்போது இவர் காது சிவந்தது. "தனியா இருக்கற ஆம்பளைங்களுக்கு."

மகள் மீனைப் பார்த்தாள். அதன் வாயைப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, மேலே ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இதையும் பாப்பா நிப்பிளையும் ஒரே பாத்திரத்திலயாப்பா போடுவீங்க?"

"ரெண்டும் புதுசும்மா! ஒரே சிலிக்கான்! ஆபீஸ் சாமான்மா இது, சோதனைக்கு வந்தது. வீட்டில கொதிக்கவெச்சுப் பார்க்கணும்னு விதி. யாரும் எடுத்துட்டுப் போகமாட்டேன்னுட்டாங்க. இதோ பாரு, பெட்டி, இதோ ஆபீஸ் முத்திரை." அவர் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் அட்டைப்பெட்டியுமாகத் தடுமாறினார்.

மகளின் முகம் மெல்ல மாறியது. கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வயதானவர்களிடம் பேசுகிற குரலில் அவள், "சரிப்பா. ஆபீஸ் சாமான்தான். நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை. நினைக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லை," என்றாள். நிப்பிள்களை வேறு தண்ணீரில் போடத் திரும்பிக்கொண்டாள்.

அவள் நம்பவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நிஜத்தைச் சொல்லியும் நம்பப்படாத அவமானம் ஒருபக்கம். இன்னொருபக்கம், அவள் நம்பியதில் பாதி நிஜம்தான் என்ற எண்ணம். நேற்று ஆறிப்போன மீனை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வார்த்தையெல்லாம் மறந்துபோயிற்று.

"சாமான் என்னோடது இல்லம்மா," என்றார். "தனிமை என்னோடதுதான்."

மகளின் கை நின்றது.

"சாப்பிட உக்காந்தா எதிர்ல சுவர்தான் இருக்கு. ஃபேன் சத்தம் இல்லாட்டி எனக்கு இருக்கவே முடியல. உன் கூட வந்துடணும்னு இருக்கு. எனக்கு ரூம்கூட வேண்டாம், பாப்பா பக்கத்தில ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்தது ஆறுதல் இல்லை, ஆத்திரம்.

"இதை ஏம்பா அன்னைக்குச் சொல்லலை? நான் கேட்டேன்ல? வாய்விட்டுக் கேட்டேன்ல?"

"நீ இன்னொரு தடவை கேப்பேன்னு நினைச்சேன்மா."

"எதுக்கு இன்னொரு தடவை? ராஜா மாதிரி இருக்கேன்னீங்க. நான் அதை நம்பினேம்பா." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குன்னுதான் அந்த ரூமை வெச்சிருந்தோம். நீங்க வரலைன்னதும் அவர் அவங்க அம்மாவைக் கூப்பிட்டாரு. அத்தை போன வாரம்தான் ஊர்ல வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தாங்க. இனிமே எங்க கூடத்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன். போன்ல சொல்ல மனசு வரல."

அவர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. அவளும் தனி ஆள்தான். கூப்பிட்டவுடன் சரி என்று சொல்லியிருக்கிறாள். புத்திசாலி.

"நல்லதுதாம்மா," என்றார். "பாப்பாவை நல்லா பார்த்துப்பாங்க."

"அப்பா…"

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்."

மகள் புட்டியில் பால் கலந்து கொடுத்தாள். அவர் ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். குழந்தை அவர் மடியில் படுத்துக் குடித்தது. குடித்துக்கொண்டே அவர் மணிக்கட்டைச் சின்னக் கையால் பிடித்துக்கொண்டது. கை ஜில்லென்று இருந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டியின் கை. அது சூடாகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

மறுநாள் மேலாளர் கேட்டார், "என்ன சார், வெதுவெதுப்பு நிக்குதா?"

"நல்லா நிக்குது சார். கொதிக்கவெச்சாலும் ஒண்ணும் ஆகலை. உள்பக்கம் உலரத்தான் நேரமாகுது. அதுக்கு ஒரு உலர்த்துற கம்பி கூட வெச்சுக் கொடுக்கச் சொல்லுங்க." சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "துணைன்னு போட்டிருக்கறதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. நாம கொடுத்த சூடுதான் அதுல இருக்கு. அது நம்மகிட்ட ஒண்ணும் கேக்கறதில்லை."

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. கிழிப்பு அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மெஷினுக்குத் திரும்பினாள். சோதனை முடிந்த மீன் மற்ற கழிவுகளோடு குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. போகும்போதும் கண்ணிமையைத் தூக்கிக்கொண்டுதான் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரும் சமயம் போன் அடித்தது.

"எப்படி இருக்கீங்கப்பா?"

எனக்கென்னம்மா குறைச்சல் என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து நிறுத்தினார்.

"சாப்பிட உக்காந்திருக்கேன்," என்றார். "பேச ஆள் இல்லம்மா."

மகள், "போனை வெச்சுடாதீங்க. இப்படியே இருங்க. எனக்கு அடுப்பில வேலை இருக்கு, நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க," என்றாள். போனை எங்கோ மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

அவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் பாத்திரம் உருண்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. குழந்தை எதையோ தரையில் தட்டித் தட்டிச் சிரித்தது. மருமகன் சட்டையைக் காணோம் என்று கேட்டுக்கொண்டே போனார். கொஞ்சம் தள்ளி உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் இருமல் கேட்டது. அவருக்கென்று வைத்திருந்த அந்த அறையாகத்தான் இருக்க வேண்டும். அவர் காது கொடுத்துக் கேட்டார். கதவைச் சாத்திக்கொள்ளாமல்தான் இருந்தாள் போலிருக்கிறது, இருமல் தெளிவாகக் கேட்டது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்தால் போனை வைக்க வேண்டியிருக்குமே என்று அவர் மெதுவாகச் சாப்பிட்டார்.